பட்டறையில் நேரம் ஓடாது

பொகவந்தலாவை
2006.07.09

ரூபன்,

சொகமா, நலமானு எழுதுறதெல்லாம் எனக்கு வராது. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

கொழும்புல ஒரு கம்ப்யூட்டர் கம்பனி பேப்பர்ல வெளம்பரம் போட்டிருக்கான். கேம் செய்ய ஆள் வேணுமாம். சர்டிபிகேட் கேக்கல மச்சான். “நீங்களே செய்த ஒன்றை சீடியில் அனுப்பவும்” அவ்வளவு தான். ஒக்டோபர் 31க்கு முன்ன போய்ச் சேரணும். ஏ.எல். பரீட்ச எழுதாம ஓடுன எனக்குனே எவனோ எழுதின மாதிரி இருக்கு. இத விட்டா நான் இந்த பஜார்ல கேம் கடைல மவுஸ் தொடச்சே கெழவனாயிருவேன்.

நம்ம ‘மேமலை’ய தான் அனுப்பப் போறேன். கேம் என்னானு பத்து வரில எழுதி வைக்கணுமாம். இப்புடி எழுதியிருக்கேன், எழுத்துப்பிழை பாரு:

“ஒரு பொம்பள கூடையோட மலை ஏறணும். ஆறு தேயிலை நிரை. ஒவ்வொரு நிரையிலயும் அட்டை, பாம்பு, சிறுத்த. ஆறாவது நிரையில குளவிக் கூடு. அதத் தாண்டி கொழுந்த மடுவத்துல, தராசு வச்ச கொட்டகைல, நிறுக்கணும். இருவது நிமிஷத்துல சங்கு ஊதும். அதுக்குள்ள நிறுக்காட்டி தோல்வி.”

இப்ப புதுசு. ரெண்டாவது நிரை ஓரத்துல ஒரு பட்டறை போட்டுட்டேன். ஆமா, ஒன்ன கேக்காம தான். மானாப்புல்லு, கித்துல் நாரு, சாக்குத் துண்டு பொறுக்கிட்டு வந்து அதுல பொகப்பந்தம் கட்டலாம். பந்தம் இருந்தா குளவி கிட்ட வராது. போர்டும் போட்டிருக்கேன்: ‘விரும்பினால் மட்டும்’. வேணும்னா கட்டு, வேணாட்டி போய்க்கிட்டே இரு. பட்டறையில நேரம் ஓடாது. ஆறுதலா செய்யலாம்.

கடைல பசங்க பைத்தியமா கெடக்கானுங்க. முதலாளிக்கு பல்லெல்லாம் தெரியுது, ஒவ்வொருத்தனும் கூட ஒரு மணித்தியாலம் ஒக்கார்றானே. ஒரே ஒரு கொற. பந்தம் கட்டுனவனுக்கு குளவி சப்புனு போயிருது. குளவியோட பலம் நீ போட்ட 25 தான். கூட்டவா? எவ்வளவு? நீ தானே கணக்குப் புலி.

அம்மா ஞாயித்துக்கெழமையும் கொழுந்து எடுக்கப் போறாங்க. கைக்காசு வேல, கிலோக் கணக்குக்கு காசு, விருப்பம்னா போகலாம். நான் கொழும்புக்குப் போக சப்பாத்து வேணும்ல, அதுக்கு. நானும் கூடப் போயி எடுக்குறேன். எனக்கு தோட்டத்துப் பதிவுல, செக்ரோல்ல, பேர் இல்லாததால எல்லாம் அம்மா பேர்லயே நிறுப்பாங்க. போன வாரம் ரெண்டு பேருமா முப்பத்தாறு கிலோ! தராசுக்காரன் நிமிந்து பாத்தான்.

சீக்கிரம் எழுது.

கிஷாந்த்


கொக்குவில், யாழ்ப்பாணம்
2006.07.22

அன்பின் கிஷாந்த்,

உன் கடிதம் பதினோராம் நாள் கிடைத்தது. அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். “உந்தப் பெடியன் என்ர வகுப்பில கணக்கை விட்டிட்டு ஓடினவன். இப்ப கணக்குக் கேட்டுக் கடிதம் போடுறானோ?” என்று சிரித்தார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து ஒரு வருடமாகியும் உங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக் கதைதான் அவருக்கு.

கொழும்பு விளம்பரம் பற்றி மிகவும் மகிழ்ச்சி. நீ போகத்தான் வேண்டும். ஆனால் பட்டறை விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கேட்காமல் செய்தாய் என்ற கோபமும் இருக்கிறது, அதை ஒளிக்கவில்லை.

இருபத்தைந்தை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். பஸ் டிரைவர் செல்லசாமி அண்ணனைக் கதிரையில் உட்கார்த்திவிட்டு நீயும் நானும் பின்னால் நின்று பார்த்தோம். வெறும் கையோடு விளையாடுகிற ஒருவர் மூன்று தடவை சாக வேண்டும், நாலாவது தடவை வெல்ல வேண்டும். அதுதான் எங்கள் விதி. முப்பது என்றால் அவர் ஏழு தடவை செத்தார். இருபது என்றால் முதல் தடவையே வென்று கொட்டாவி விட்டார். இருபத்தைந்தில்தான் மேசையில் அடித்துச் சிரித்தார்.

இப்போது நீ பந்தம் கட்டியவனைப் பார்த்துக் குளவியைக் கூட்ட நினைக்கிறாய். கூட்டினால் பந்தம் கட்டாதவன் என்ன செய்வான்? அவனும் புல்லுப் பொறுக்க வேண்டும். பிறகு ‘விரும்பினால் மட்டும்’ என்ற பலகை எதற்கு? ஒன்றில் பட்டறையை எல்லோருக்கும் கட்டாயமாக்கு, அல்லது எடுத்துவிடு. இரண்டும் முடியாதென்றால் குளவியில் மட்டும் கை வைக்காதே.

சீடியில் என் பெயரையும் போடுவாயா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

சிவரூபன்


பொகவந்தலாவை
2006.08.03

ரூபன்,

ஒன் பேப்பர் தமிழ வாசிச்சேன். நீ சொல்றது கணக்குக்கு சரி, கடைக்கு சரியில்ல.

எங்க லயத்துல பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா மகள் லோஜினிய தெரியும்ல? சின்னதுல இருந்தே வலது கை சரியா மடங்காது. அவளும் கடைக்கு வருவா. ஒங்க ‘வெறும் கை’ ஆட்டத்துல அவ நாலாவது நிரையே பாத்ததில்ல. பட்டறை வந்தப்பறம் ஒக்காந்து புல்லு பொறுக்கி, பந்தம் கட்டி, மொத மொதலா மடுவத்துல கூடைய எறக்குனா. கடைல இருந்த பசங்க எல்லாம் கை தட்டுனானுங்க. இப்ப சொல்லு, எடுத்துறவா? வேகமான கை இருக்கவன் மட்டும் தான் ஜெயிக்கணுமா?

கட்டாயமாக்குன்னு வேற சொல்ற. கட்டாயம்னா அது பள்ளிக்கூடம் மச்சான். அதுல இருந்து தான் நான் ஓடி வந்தேன்.

குளவிய 40 ஆக்கிட்டேன். பந்தம் கட்டுனவனுக்கு இப்ப சரியா இருக்கு. மூணு தடவ சாகுறான், நாலாவது ஜெயிக்கிறான். ஒன் விதி தானே? கட்டாதவனுக்குத் தான் பட்டறை இருக்கே, போய் கட்டட்டும்.

செல்லசாமி அண்ணன் ஒருத்தர் தான் கத்துறாரு. “டேய், எனக்கு பஸ் எடுக்க இருவது நிமிஷந் தான் இருக்கு. நான் புல்லு புடுங்கவா வந்தேன்? அத வீட்ல பொண்டாட்டி புடுங்குறா, நான் மாட்டுக்குப் போடுறேன்!” னு. ஒரு ஆளுக்காக கேம மாத்த ஏலாது.

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ அங்க போயிட்ட. ஸ்க்ரீனுக்குப் பின்னால நின்னு தெனம் பாக்குறது நான் தான். பேர் கேட்ட. போடுறேன். ரெண்டு பேர் செஞ்சது தானே, அதுக்கு ஏன் கூச்சம்.

அம்மா மூணு ஞாயிறும் முப்பதுக்கு மேல. கங்காணி “என்னா நாகலெட்சுமி, குமரியாயிட்ட”னு கிண்டல் பண்றாராம். சப்பாத்து வாங்கியாச்சு. கறுப்பு.

கிஷாந்த்


கொக்குவில்
2006.08.30

அன்பின் கிஷாந்த்,

பதினோராம் தேதி சண்டை தொடங்கியதிலிருந்து பாதை பூட்டு. வானொலியில் கேட்டிருப்பாய். தொலைபேசி இல்லை. தபால் கப்பலில் வருமாம், கப்பல் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. உன் மூன்றாம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. இது உனக்கு எப்போது கிடைக்குமோ. ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் மின்சாரம் வந்தால் அதிசயம். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

லோஜினியைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அங்கே நான் தோற்றேன். பட்டறையை எடுக்கச் சொன்னது பிழை. அவளுக்காக அது இருக்கட்டும்.

ஆனால் நாற்பது வேண்டாம், கிஷாந்த். தயவு செய்து நாற்பதில் அனுப்பாதே. கொழும்பில் அந்தச் சீடியைப் போடுகிறவர் யார்? பத்து சீடிகளை அடுக்கி வைத்துக்கொண்டு பார்க்கிற மனிதர். ‘விரும்பினால் மட்டும்’ என்ற பலகையைப் பார்த்தால் அவர் நம்புவார். விரும்ப மாட்டார். நேரே மேலே ஏறுவார். செத்துப்போவார். உன் சீடியை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைப் போடுவார்.

நான் ஒரு வழி கண்டுபிடிக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சிவரூபன்


பொகவந்தலாவை
2006.09.24

ரூபன்,

ஒன்கிட்ட இருந்து ஒண்ணுமே வரல. கோவமா, பாதை பூட்டுனதாலயானு தெரியல. பாதை தான்னு நெனச்சுக்கிட்டு எழுதுறேன். உசுரோட இருக்கியா? அத மட்டுமாவது எழுது.

இங்க ஒரு பெரிய பாவம் பண்ணிட்டேன்.

போன திங்கக்கெழம காலைல வேல பிரிக்குற பெரட்டுக்களத்துல, கங்காணிக்கு மேல உள்ள நம்ம கண்டாக்கையா புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு சொல்லியிருக்காரு: “நாகலெட்சுமி ஞாயித்துக்கெழம முப்பத்தாறு எடுக்குது. அதே கை தானே? அதே மலை தானே? அப்ப மத்த நாள்ல பதினாறு என்னா கணக்கு?” அன்னையில இருந்து பதினாறு போயி பதினெட்டு கிலோ. எல்லாருக்கும். பதினெட்டு எடுக்காட்டி முழுப்பேர் இல்ல, அரைப்பேர் தான், அரை நாள் சம்பளம்.

அந்த முப்பத்தாறுல பாதி நான் எடுத்தது ரூபன். அதுவும் விடியக்காலைல இருந்து இருட்டுற வரைக்கும், சங்கு இல்லாம, மடுவத்துக்கு ஓடாம, தண்ணி குடிச்சு ஆறுதலா எடுத்தது. புஸ்தகத்துல அதெல்லாம் இல்ல. அம்மா பேரும் முப்பத்தாறும் மட்டும் தான் இருக்கு.

அம்மாக்கண்ணு அக்கா இந்த வாரம் மூணு நாள் அரைப்பேர். பீலிக்கரைல தண்ணி புடிக்குறப்ப அம்மாவப் பாத்து நேராவே கேட்டுட்டாங்க: “ரெண்டு கைல எடுக்குறவளுக்கு நாலு கைக்காரி கணக்கு எதுக்குடி? ஒன் மவன் சப்பாத்துக்கு எங்க வயிறா?” அம்மா கொடத்த பாதில தூக்கிட்டு வந்துட்டாங்க. லயத்துல எவளும் எங்க வீட்டுக்கு நெருப்பு எடுக்கக் கூட வர்றதில்ல.

நான் கண்டாக்கையாகிட்ட போயி உண்மைய சொல்றேன்னு கெளம்பினேன். அம்மா கதவ மறிச்சு நின்னாங்க. “வாய மூடு. பொய்க் கிலோ போட்டேன்னு என் பேர வெட்டுவான். பதினெட்ட வெட்டமாட்டான்.”

சரி தானே? சரி தான். அத யோசிச்சுக்கிட்டே கடைக்கு வந்தேன். செல்லசாமி அண்ணன் கதிரைல வேற எவனோ இருந்தான். அண்ணன் பஸ்ல சாஞ்சுக்கிட்டு பேப்பர் பாத்துட்டு இருந்தாரு. வாங்கண்ணே, ஒரு ஆட்டம்னு கூப்பிட்டேன். “வேணாம் தம்பி, அது இப்ப நேரம் இருக்கவனுக்கு உள்ள கேம்”னாரு. கோவமா கூட சொல்லல.

அப்பத் தான் மண்டைல அடிச்ச மாதிரி ஆயிருச்சு. கண்டாக்கையா செஞ்சதத் தானே நானும் செஞ்சிருக்கேன்? பந்தக்காரன் ஆட்டத்த பாத்துட்டு வெறும் கைக்காரனுக்கு குளவிய கூட்டிட்டேன்.

கொறைக்கலாம்னு ஒக்காந்தா ஏல மாட்டேங்குது. 25 போட்டா பந்தம் கட்டுன பசங்க கூட்டுக்கு முன்னால டான்ஸ் ஆடுறானுங்க. 32 போட்டேன். ரெண்டு பக்கமும் ஏசுறான். பட்டறைய எடுத்தா லோஜினி. ஏற்கனவே அவ அம்மா எங்களோட பேசுறதில்ல. அவ மட்டும் இன்னும் கடைக்கு வர்றா, என்னய பாக்காம வெளயாடிட்டுப் போறா.

எனக்கு கணக்கு வராது. ஒங்கப்பா சொன்னது சரி. ஒக்டோபர் 31. எதாவது நம்பர் ஒண்ண எழுதி அனுப்பு. கெஞ்சிக் கேக்குறேன், எனக்கு கெஞ்சிப் பழக்கமில்ல.

கிஷாந்த்


பொகவந்தலாவை
2006.10.28

ரூபன்,

தெனம் தபால்கந்தோருக்குப் போனேன். “யாழ்ப்பாணம் இன்னும் வரல மல்லி”னு அங்க இருக்க சிங்கள மாத்தயாவுக்கும் சொல்லி அலுத்துருச்சு.

இன்னைக்கு சீடிய ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். 40லயே. பசங்க அதுக்குத் தான் பழகியிருக்கானுங்க, அது ஒண்ணு தான் எனக்கு நிச்சயமா தெரிஞ்ச நம்பர். பலகையும் இருக்கு. ஒன் பேர் மொதல்ல போட்டிருக்கேன்.

கிஷாந்த்


கொக்குவில்
2006.11.13

அன்பின் கிஷாந்த்,

உயிரோடு இருக்கிறேன். உன் செப்டம்பர் கடிதம் இன்றைக்குக் கிடைத்தது. தேதியைப் பார்த்தேன். நீ கேட்ட நாள் போய்விட்டது என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன். வேறு என்ன செய்ய? தாள் இல்லை, இது அப்பாவின் பழைய வினாத்தாள், பின்பக்கத்தைப் பார்.

விடை கிடைத்துவிட்டது. தங்கை லக்சனாவும் நானும் சீமெந்துத் தரையில் ஆறு நிரை கீறி, புளியங்கொட்டைகளைக் குளவியாக வைத்து விளையாடினோம். அவள் வெறும் கை. நான் பந்தம். நாற்பதில் அவள் ஒன்பது தரம் செத்து, “உங்கட பட்டறையும் நீங்களும்!” என்று கொட்டைகளை முற்றத்தில் எறிந்துவிட்டாள். பொறுக்கிக்கொண்டு வந்து மீண்டும் தொடங்கினோம். ஊரடங்கு நாட்களில் வேறு வேலை இல்லை.

பிழை குளவியில் இல்லை. பட்டறையிலும் இல்லை. உன் முதல் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய்: பட்டறையில் நேரம் ஓடாது. அங்கேதான். பந்தம் கட்டுகிறவனுக்கு நீ கணக்கில் வராத நேரத்தைக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் அவன் சேர்த்த பலத்தை மட்டும் கணக்கில் எடுத்தாய். நேரத்தை ஓடவிடு. புல்லுப் பொறுக்க ஏழு நிமிடம் போகட்டும். பந்தக்காரன் பாதுகாப்பாக, பிந்தி ஏறுவான், சங்கு ஊத முன் மடுவத்துக்கு ஓட வேண்டும். வெறும் கைக்காரன் கொட்டு வாங்கி, முந்தி ஏறுவான். குளவி இருபத்தைந்திலேயே இருக்கட்டும். இருவரும் மூன்று தரம் தோற்று நாலாம் தரம் வெல்கிறார்கள். லக்சனாவும் நானும் இருபத்திரண்டு ஆட்டம் பார்த்துவிட்டோம்.

லோஜினிக்கு ஏழு நிமிடம் போதாமல் போகலாம். பலகைக்குப் பக்கத்தில் சங்கு இல்லாத ஆட்டம் ஒன்றைத் தனியாக வை. அதன் புள்ளியை மற்ற ஆட்டத்தின் புள்ளியோடு ஒரே பட்டியலில் போடாதே. அதை மட்டும் செய்யாதே.

உன் அம்மாவின் விஷயத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதே பிழைதான் என்று விளங்குகிறது. விளங்கி என்ன?

ஓகஸ்டிலும் ஒரு கடிதம் போட்டேன். கிடைத்ததா?

சிவரூபன்


பொகவந்தலாவை
2007.02.06

ரூபன்,

ஒன் ரெண்டு கடிதமும் ஒண்ணா ஒரே கட்டுல ஜனவரி கடைசில வந்துச்சு. ஓகஸ்ட் கடிதமும் நவம்பர் கடிதமும். மொதல்ல எத ஒடைக்கிறதுனே தெரியல.

அதுக்கு முன்னாலயே, டிசம்பர்ல, கம்பனிக்காரன் பதில் போட்டுட்டான். இங்கிலீஷ்ல நல்ல மரியாதையா எழுதியிருக்கான். தமிழ்ல இது தான்: “எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் விளையாடினோம். படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் ஆறாவது நிரையை யாராலும் தாண்ட முடியவில்லை. பட்டறை விரும்பினால் மட்டும் என்று எழுதியிருந்ததால் அதைத் திறக்கவில்லை. வேறு ஆட்களைத் தெரிவு செய்துவிட்டோம்.”

ஒன் ஓகஸ்ட் கடிதத்துல நீ எழுதினத அப்புடியே எழுதியிருக்கான் மச்சான். நான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன். அப்பறம் மடிச்சு அந்த சப்பாத்துப் பொட்டிக்குள்ள வச்சுட்டேன். சப்பாத்து இன்னும் புதுசா தான் இருக்கு. போட்டுக்கிட்டு போக எடமில்ல.

நீ சொன்ன மாதிரியே மாத்திட்டேன். ஒரு பின்னேரம் தான் ஆச்சு. குளவி 25. பட்டறையில நேரம் ஓடுது. லோஜினிக்கு சங்கில்லாத ஆட்டம், தனிப் பட்டியல். அந்தப் பட்டியல்ல அவ தான் மொதல். முதலாளி மூஞ்சிய தூக்கிட்டாரு, பசங்க முன்ன மாதிரி ரொம்ப நேரம் ஒக்கார்றதில்லனு. செல்லசாமி அண்ணன ரெண்டு நாள் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். மூணு தடவ செத்தாரு. நாலாவது தடவ மேசைல அடிச்சாரு பாரு, வெளில பஸ்ஸுக்குள்ள இருந்த சனம் எல்லாம் “என்னா டிரைவர், பஸ் போகுமா போகாதா?”னு கத்துது. “இருங்க, கொழுந்து நிறுத்துட்டு வர்றேன்!”ங்குறாரு.

சீடிய திரும்ப அனுப்பினாலும் பாக்க எவனும் இல்ல. சும்மா ஒனக்கு சொல்றேன்.

அம்மா ஞாயித்துக்கெழம போறத நவம்பர்ல இருந்தே நிறுத்திட்டாங்க. அம்மாக்கண்ணு அக்காவுக்காகத் தான் நிறுத்துனாங்க. அதுக்கப்பறம் அவங்க ஒரு நாள் எங்க வீட்டுக்கு நெருப்பு எடுக்க வந்தாங்க, வாசல்லயே நின்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க. பதினெட்டு மட்டும் பதினெட்டாவே நிக்குது. எவளோ வேற தோட்டத்துல இன்னும் கூட எடுக்குறாளாம், அடுத்தது இருவதுனு கதை அடிபடுது.

நேத்து செல்லசாமி அண்ணன் பஸ்ல அம்மாகிட்ட சொல்லியிருக்காரு, ஒங்க மவன் கொறைச்சுட்டான், இப்ப எல்லாரும் மேல போறோம்னு. இன்னைக்கு விடியக்காலைல அம்மா இடுப்புல சாக்க சுத்திக்கிட்டே கேட்டாங்க.

“அந்தக் கம்ப்யூட்டர் பொட்டில என்னமோ கொறைச்சியாமே. எப்புடி கொறைச்ச?”

“ஒரு எடத்துல நாப்பதுனு இருந்துச்சும்மா. அழிச்சுட்டு இருவத்தஞ்சுனு அடிச்சேன்.”

“அவ்வளவு தானா?”

“அவ்வளவு தான்.”

“யாரையும் கேக்க வேணாமா?”

பெரட்டு சங்கு ஊதிருச்சு. அம்மா கூடைய தலைல மாட்டிக்கிட்டு எறங்கிப் போனாங்க.

கிஷாந்த்